வாய்ச் சளிக்கட்டிகள்: நோய்க்குறி, திசுவியல் அறிவின் வரலாறு – பழவேற்காட்டுப் பின்புலத்தில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கீழுதட்டின் உட்புறத்திலும் நாவின் அடியிலும் நீலம் பாரித்த குமிழியாகத் தோன்றும் சளிக்கட்டிகள் பழங்காலந்தொட்டு மருத்துவ நூல்களில் இடம்பெற்று வந்துள்ளன. அவற்றின் உள்ளமைப்பைப் பற்றிய கருத்து இரண்டு முறை அடிப்படையில் மாறியுள்ளது. உடற்குற்றங்களால் எழும் வீக்கம், அடைபட்ட நாளத்தின் தேக்கம், கிழிந்த நாளத்தின் கசிவு என அம்மாற்றத்தைக் குறிக்கலாம். இம்மாற்றம் நிகழ்ந்த காலங்களைப் பழவேற்காட்டின் வரலாற்றோடு இணைத்துக் காண்பதும், ‘கட்டி’, ‘நீர்க்கட்டி’ என்னும் தமிழ்ச் சொற்கள் கைவிடப்பட்ட கொள்கை ஒன்றை இன்றும் சுமந்து நிற்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சளிக்கட்டி, ரானுலா, உமிழ்நீர்ச் சுரப்பி, ஜலார்புதம், திசுவியல், பழவேற்காடு, மருத்துவத் தமிழ்.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பரப்பில் இரண்டாவதாகச் சொல்லப்படும் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இத்தென்பகுதியைச் சார்ந்து வாழ்பவை. இவ்வூர்களின் ‘பாடு’ முறை மீன்வளச் சமூகவியலில் நன்கு அறியப்பட்டது. ஏரியின் வலையிடும் இடங்களை உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கத்தை உலக உணவு வேளாண் அமைப்புக்காக செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வு 1991இல் பதிவு செய்தது.

வாய் நோய் பற்றிய கட்டுரையில் பாடு முறைக்கு என்ன வேலை என்னும் வினா எழலாம். தனக்குரிய நாளில் வலையிறக்காத மீனவர், அடுத்த முறை வரும்வரை அவ்விடத்தின் வருவாயை இழக்கிறார். வாயில் நோவில்லாமல் எழுந்த ஒரு சிறு குமிழிக்காக எவரும் அந்நாளை விட்டுக்கொடுத்துப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ புறப்படுவது அரிது. குமிழி தானே உடைந்து வற்றிவிட்டால் அதை மறந்துவிடுவதும், மீண்டும் நிரம்பினால் ஊசி கொண்டு குத்திவிடுவதும் இயல்பு. இவ்வாறு குத்தப்படும் குமிழிகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில அவ்வாறல்ல. இரண்டையும் பிரித்தறிய மருத்துவ உலகுக்கே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

கண்ணுக்குத் தெரிவது

நோய்க்குறியை முதலில் வகுத்துக்கொள்வது நலம். சளிக்கட்டி, ஆங்கில மருத்துவ வழக்கில் மியூகோசீல் எனப்படுவது, வாயின் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளோடு தொடர்புடைய வீக்கம். இச்சுரப்பிகள் உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாவின் அடி ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடப்பவை. வீக்கம் மிகுதியும் தோன்றுமிடம் கீழுதடு. அங்கும் நடுக்கோட்டில் அல்லாது, கோரைப்பல் உரசும் பக்கவாட்டில் அது எழுவது காரணத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. சிறுவரிடமும் இளைஞரிடமும் இது மிகுதி. சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு செ.மீ. வரை வளரும். மேலாக அமைந்தால் மெல்லிய தோலினூடே நீலமாகத் தெரியும். ஆழத்தில் அமைந்தால் நிறம் மாறாது. விரலால் தொட்டால் மட்டும் நெகிழ்வாக அசையும். உடைந்தால் முட்டையின் வெண்கரு போன்ற பிசுபிசுப்பான நீர் வெளிப்படும். சில நாளில் புண் ஆறும். சில வாரத்தில் மீண்டும் நிரம்பும். உடைதலும் நிரம்புதலுமாகிய இச்சுழற்சியே நோயாளி கூறும் வரலாற்றில் மருத்துவர் முதலில் தேடுவது.

நாவின் அடியில் பெரிய நாவடிச் சுரப்பியிலிருந்து எழும் வீக்கத்திற்கு ரானுலா என்பது பெயர். இலத்தீனில் ‘ரானா’ என்றால் தவளை. ‘ரானுலா’ சிறு தவளை. தவளையின் வயிறு போல நீலம் பாரித்துப் புடைத்திருப்பதால் இப்பெயர் என்பது வழக்கமான விளக்கம். நாவை மேலே தள்ளிப் பேச்சைக் குழறச் செய்து, குரலைத் தவளையின் கத்தலாக்குவதால் இப்பெயர் என்பாரும் உண்டு. கிரேக்கரும் அரேபியரும் தம் மொழியில் தவளையைக் குறிக்கும் சொல்லாலேயே இந்நோயைச் சுட்டினர். ஒரே உவமை மூன்று மொழிகளில் குடியேறியிருப்பது மருத்துவ நூல்கள் பெயர்க்கப்பட்டுப் பரவிய வழியைக் காட்டுகிறது.

வடமொழி நூல்களில் நீர்க்குமிழி

இந்திய மரபில் இந்நோய்க்குரிய மிகத் தெளிவான குறிப்பு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் உள்ளது. அதற்கு முந்திய சுசுருத சங்கிதை வாய் நோய்களை 65 என்று எண்ணி, உதட்டு நோய்களுக்கு 8 என இடமளிக்கிறது. வாக்படர் மொத்தத்தை 75ஆகவும் உதட்டு நோய்களை 11ஆகவும் விரிக்கிறார். அவர் கூடுதலாகச் சேர்த்த மூன்றனுள் ஒன்று ‘ஜலார்புதம்’. உதட்டில் வாதமும் கபமும் சேர்ந்து நீர்க்குமிழி போன்று தோற்றுவிக்கும் வீக்கம் என்பது அவர் தரும் இலக்கணம். இன்றைய பாடநூல் கீழுதட்டுச் சளிக்கட்டிக்குத் தரும் வருணனையிலிருந்து இது பெரிதும் விலகவில்லை. பிற உதட்டு நோய்களுக்கு நிறம், நோவு, சீழ், எரிச்சல் என்று பல அடையாளம் கூறுபவர், இதற்கு ஓர் உவமையோடு நின்றுவிடுவது கவனத்திற்குரியது. அந்த ஓர் உவமையே போதுமென்று அவர் கருதியிருக்க வேண்டும். கட்டியைக் கீறி மருந்துப் பொடி தேய்ப்பதும், மிகப் பெரிதானால் காரமோ நெருப்போ இடுவதும் அவர் காட்டும் மருத்துவம்.

நாவின் அடியில், மற்றொரு நாநுனி முளைத்தது போல எழுந்து நாவைத் தூக்கும் வீக்கத்தைச் சுசுருதர் ‘உபஜிஹ்விகா’ என்கிறார். கபமும் குருதியும் அதன் காரணம். எச்சில் வடிதல் ஓர் அடையாளம். இதனை ரானுலாவோடு பொருத்திக் காண்பது பரவலான வழக்கம். அப்பொருத்தம் ஜலார்புதத்தின் பொருத்தம் போல் உறுதியானது என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. எரிச்சலும் அரிப்பும் உபஜிஹ்விகாவின் அடையாளங்களாகக் கூறப்படுகின்றன. ரானுலா பொதுவாக எரிவதில்லை. பழைய நோய்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் இன்றைய நோய் ஒன்றைச் சரியாகப் பொருத்திவிடும் ஆர்வம் மருத்துவ வரலாற்று எழுத்தில் நாம் அடிக்கடி காணும் குறை.

சித்த மருத்துவம் நோய்முதலை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் தேடுவது. கொழகொழப்பும் குளிர்ச்சியும் உடைய நீர்மங்களை ஐயத்தின் பாற்படுத்தும் அம்மரபில், வெண்கரு போன்ற நீர் சுரக்கும் வாய் வீக்கத்திற்கு ஐயமே முதலிடம் பெறும். சித்தர் வகுத்த 32 புறமருத்துவ முறைகளுள் சுட்டிகை, கீறல், காரம், அறுவை ஆகிய நான்கும் இத்தகைய வீக்கத்திற்கு நேரே பயன்படத்தக்கவை. கீறினால் மட்டும் போதாது, அடியைச் சுடவோ அரிக்கவோ வேண்டும் என்னும் அனுபவ அறிவு இவ்வரிசையிலும் வாக்படரின் மருத்துவத்திலும் அடங்கியிருக்கிறது.

மேற்கே இதே அறிவு

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய நூலாசிரியர் செல்சஸ், நாவின் அடியில் உறையொன்றினுள் திரளும் வீக்கம் பற்றித் தம் மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில் எழுதினார். சிறியதாயின் ஒரு கீறல் போதும் என்றும், பெரியதாயின் மேல்தோலை உறைவரை வெட்டி, இருபுற விளிம்பையும் கொக்கியால் பிடித்து உறையைச் சுற்றிலும் விடுவிக்க வேண்டும் என்றும், குருதிநாளம் அறுபடாமல் காக்க வேண்டும் என்றும் கூறினார். உறை உண்டு என்பதில் அவருக்கு ஐயமில்லை.

இந்தக் கட்டுரையின் நோக்கில் செல்சஸைவிட முதன்மையானவர் 10ஆம் நூற்றாண்டில் ஆண்டலூசியாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி. நாவடித் ‘தவளை’யைப் பற்றிய தம் இயலில் அவர் முதலில் செய்வது பிரித்தறிதல். வாயை வெயிலில் திறந்து பார்க்கச் சொல்கிறார். வீக்கம் கருத்து, கடினமாக, உணர்ச்சியற்றிருந்தால் அது புற்று, கத்தி வைக்கலாகாது. வெண்மை சார்ந்து ஈரம் கொண்டதாயின் கொக்கியிட்டு அறுக்கலாம். நிறம், கடினம், உணர்ச்சி ஆகிய மூன்றையும் கண்ணாலும் விரலாலும் அளந்து தீங்குள்ளதையும் தீங்கற்றதையும் பிரிக்கும் இம்முறை, நுண்ணோக்கி இல்லாத காலத்தில் எட்டக்கூடிய எல்லையாகும். நுண்ணோக்கி எட்டாத ஊர்களில் இன்றும் அதுவே எல்லை.

16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே, மூளையிலிருந்து நாவின்மேல் இறங்கும் குளிர்ந்த பிசுபிசுப்பான கபநீரே ரானுலாவின் காரணம் என்றார். கத்தியால் கீறினால் திரும்ப வருவதைக் கண்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளையிடுவதைப் பரிந்துரைத்தார். காரணம் கூறுவதில் வாக்படரும் பாரேயும் கபத்தின் மேல் பழியிட்டு ஒன்றுபடுகின்றனர். மருத்துவத்தில் நெருப்பிடம் சென்று ஒன்றுபடுகின்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று இதனாற் பெறப்படாது. வீக்கம் திரும்பத் திரும்ப வருவது எங்கும் ஒன்றுபோல நிகழும் செய்தி. அதற்கு எங்கும் ஒன்றுபோலவே விடை கண்டனர்.

கோட்டையின் காலமும் நாளங்களின் காலமும்

பாரேயின் நூல்தொகுதியை 1592இல் கரோலஸ் பாத்துஸ் டச்சு மொழியில் பெயர்த்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்களில் சென்ற அறுவை மருத்துவர்கள் பெரிதும் நம்பிய நூல்களுள் அது ஒன்று. நாகசாகியில் அதைப் பயன்படுத்தியே நராபயாஷி சின்ஸான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மொழியில் அறுவை நூல் செய்தார்.

அதே கும்பினி 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு நிருவாகம் இங்கிருந்தே நடந்தது. 1632 முதல் 1642 வரை இங்குச் சமயப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்த நூல் 1651இல் வெளிவந்தது. தென்னிந்தியச் சமயம், வழக்கங்கள் பற்றி ஐரோப்பியர் எழுதிய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. ஆனால் அறிவு இங்கிருந்து அங்குச் சென்ற வழியை அந்நூல் காட்டும் அளவுக்கு, அங்கிருந்து இங்கு வந்த வழியைக் காட்டும் எழுத்து நமக்கு வாய்க்கவில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் சாவை நினைவூட்ட வைக்கப்பட்டவை, உடற்கூற்றியலுக்காக அல்ல. ஆயினும் அக்கல்லறைகள் எழுந்த காலம் ஐரோப்பிய உடற்கூற்றியலில், குறிப்பாகச் சுரப்பிகளின் ஆய்வில், ஒரு திருப்பத்தின் காலம்.

1656இல் இலண்டனில் தாமஸ் வார்ட்டன் கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளத்தை விளக்கினார். 1660 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நகரில், டென்மார்க்கிலிருந்து படிக்க வந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் இளைஞர் ஓர் ஆட்டுத்தலையை வாங்கி அறுத்துக்கொண்டிருந்தபோது, காதடிச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் இறங்கும் நாளத்தைக் கண்டார். அவர் தங்கியிருந்த வீட்டின் பேராசிரியர் பிளாசியஸ் அக்கண்டுபிடிப்பைத் தமதென்று உரிமை கொண்டாட, பெரும் சொற்போர் மூண்டது. 1661இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டென்சன் வாய்ச் சுரப்பிகளைப் பற்றிய தம் ஆய்வுரையை அளித்தார். 1679இல் ரிவினஸ் நாவடிச் சுரப்பியின் சிறு நாளங்களையும், 1684இல் இளைய பார்த்தோலின் அதன் பெருநாளத்தையும் விளக்கினர். ஆம்ஸ்டர்டாம் வணிகர் பழவேற்காட்டுத் துணியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், அதே நகரில், எச்சில் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு விடை கிடைத்தது.

எச்சில் மூளையிலிருந்து இறங்குவதில்லை, சுரப்பியில் ஊறி நாளத்தின் வழியே வருகிறது என்று நிறுவப்பட்டதும், பாரேயின் கபக் கொள்கைக்கு நிற்க இடமில்லாமற் போயிற்று. புதிய கொள்கை தானே உருவாயிற்று: நாளம் அடைபட்டால் எச்சில் தேங்கும், தேங்கினால் நாளம் பை போல விரியும், அதுவே கட்டி. 18ஆம், 19ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவரிடையே இது செல்வாக்குப் பெற்றது. பிரான்சில் டுப்யூத்ரேன் சட்டைப் பொத்தான் போன்ற இருதலைக் கருவியொன்றைச் செய்து, ரானுலாவின் வாய் மூடிக்கொள்ளாதபடி பொருத்தியதும் இக்கொள்கையின் பயனே. 1897இல் ஃபான் ஹிப்பல் திசுவைச் சோதித்து, ரானுலாவின் மூலம் நாவடிச் சுரப்பியே என்று காட்டிய பிறகும், தேக்கம் என்னும் எண்ணம் எளிதில் மறையவில்லை.

இரணவைத்தியத்தின் தமிழ்

தேக்கக் கொள்கை தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணத்தின் வழியாக. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தியவர். அவர் முயற்சியில் ட்ரூயிட்டின் அறுவை நூல் ‘இரணவைத்தியம்’ என 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும் தமிழில் அச்சேறின. அக்கால ஆங்கில அறுவை நூல்கள் நாவடி வீக்கத்தை அடைபட்ட நாளத்தின் விரிவாகவே விளக்கின. எனவே தமிழ் மாணவன் தன் மொழியில் முதன்முதலாகப் படித்த ஐரோப்பிய அறுவையியல் அத்தேக்கக் கொள்கையின் காலத்தது.

கிறீன் செய்த பணியின் அளவைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழிலும், கிடையாதபோது வடமொழியிலும், அதுவும் ஆகாதபோது ஆங்கிலத்தை எழுத்துப்பெயர்த்தும் சொல்லாக்க முயன்ற அவர் வரிசைமுறையை இன்றைய சொல்லாக்கக் குழுக்களும் பின்பற்றலாம். ஆனால் 1873இல் அவர் நாடு திரும்பிய பின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே மீண்டது. அதன் விளைவு நம் பொருளுக்கு நேரே உரியது: 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தேக்கக் கொள்கை சரிந்தபோது, அதைத் திருத்தி எழுதத் தமிழில் அறுவைப் பாடநூல் மரபு தொடர்ந்து இருக்கவில்லை. தமிழில் நின்றுவிட்டது பழைய சொல் மட்டுமே.

கட்டியன்று, கசிவு

1956இல் அமெரிக்காவில் மூவர் நடத்திய சோதனை இவ்வரலாற்றின் மையம். அவர்கள் பாஸ்கர், போல்டன், வைன்மான். இவர்களுள் பாஸ்கர் இந்தியாவில் பிறந்தவர். பின்னர் அமெரிக்கத் தரைப்படைப் பல் மருத்துவப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர். அவர்கள் எழுப்பிய வினா எளியது. நாளம் அடைபடுவதால் சளிக்கட்டி உண்டாகிறதென்றால், சுண்டெலியின் உமிழ்நீர் நாளத்தைக் கட்டினால் கட்டி உண்டாக வேண்டும். நாளத்தைக் கட்டினர்; சுரப்பி வாடிச் சுருங்கியதேயன்றி மனிதரிடம் காணும் சளிக்கட்டி தோன்றவில்லை. நாளத்தை அறுத்துவிட்டனர், சளி சூழ்ந்த திசுவுக்குள் வழிந்து தேங்கி, மனிதச் சளிக்கட்டியின் படத்தை அப்படியே காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டாண்டிஷ், ஷாஃபர் ஆகியோரும், 1960இல் சௌத்ரியும் உடனுழைத்தவர்களும் செய்த ஆய்வுகள் இதனை மேலும் விளக்கின.

இதனைப் பழவேற்காட்டு மீனவருக்கு விளக்குவது கடினமன்று. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டால் ஏரி தன் கரைக்குள்ளேயே நிற்கும். கரை உடைந்தால் நீர் புலத்தில் பரவும். அங்குள்ள தேக்கத்திற்குத் தன் கரை என்று ஒன்றிராது. கீழுதட்டுச் சளிக்கட்டிகளுட் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

திசுவியல் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறது. கசிவு வகையை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் காணும்போது, இணைப்புத் திசுவின் நடுவே வெளிறிய சளிக்குளம் தெரியும். அக்குளத்திற்கு எபிதீலியத்தாலான உள்வரி இராது. அதைச் சூழ்ந்திருப்பது புண் ஆறும்போது தோன்றும் குறுமணித் திசு. நாட்பட்டால் அது நார்மிக்கு இறுகிப் பொய்யுறை ஆகும். செல்சஸின் கொக்கி பிடித்த ‘உறை’யும் பெரும்பாலும் இவ்வகையினதாகவே இருந்திருக்கும். குளத்தினுள் சளியை விழுங்கி நுரைத்த உடலோடு மிதக்கும் பெருவிழுங்கு செல்கள் இந்நோயின் தனி அடையாளம். தொடக்க நிலையில் நியூட்ரோஃபில்களும், பின்னர் லிம்ஃபோசைட்டுகளும் உடன் காணப்படும். அருகிலுள்ள சுரப்பி மடல்களில் நாளங்கள் விரிந்தும், சுரக்கும் செல்கள் தேய்ந்தும், நாட்பட்ட அழற்சியோடும் இருக்கும். நற்பேறிருந்தால் ஒரே வெட்டில் கிழிந்த நாளம் சளிக்குளத்துள் திறக்குமிடமும் அகப்படும்.

தேக்க வகை வேறு. அதற்கு உண்மையான உள்வரி உண்டு. கனசதுர அல்லது தூண் வடிவ எபிதீலியச் செல்கள், சிலபோது தட்டை செல்கள், பையின் உட்புறத்தை மூடியிருக்கும். சூழ அழற்சி குறைவு. இது நடுவயதைக் கடந்தவரிடம், வாயின் தளத்திலும் கன்னத்திலும் அண்ணத்திலும் காணப்படுவது, கீழுதட்டில் அரிது. எண்ணிக்கையில் இது சிறுபான்மை. ‘நீர்க்கட்டி’ அல்லது ‘பை’ என்னும் சொல் உண்மையில் பொருந்துவது இதற்கு மட்டுமே.

ரானுலாவைப் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. அதுவும் மிகுதியும் கசிவுதான். ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. தாடையடித் தசையின் இடைவெளியினூடே சளி கீழிறங்கிக் கழுத்தில் வீக்கமாக வெளிப்படுவதும் உண்டு. அப்போது வாயினுள் எதுவும் தெரியாமற் போகலாம். கழுத்து வீக்கமென்று மட்டும் எண்ணி அதை அறுப்பவர், நாவடிச் சுரப்பியை விட்டுவிட்டால் வீக்கம் திரும்பும்.

சொல்லின் பொறுப்பு

‘கட்டி’ என்னும் தமிழ்ச் சொல் சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி, புற்றுக்கட்டி என அனைத்தையும் தழுவுவது. பேச்சுவழக்கில் இச்சொல் இருவேறு விளைவுகளைத் தருகிறது. சிலருக்கு அது அச்சத்தைத் தந்து மருத்துவரிடமிருந்தே ஒளிக்கச் செய்கிறது. வேறு சிலருக்கு ‘வெறும் நீர்க்கட்டி’ என்னும் தொடர் அலட்சியத்தைத் தருகிறது. வடமொழியில் ‘அர்புதம்’ பட்ட பாடும் இதுவே. உதட்டு நீர்க்குமிழிக்கும் உயிர்கொல்லும் வளர்ச்சிக்கும் அச்சொல் ஒருசேரப் பொதுவாயிற்று.

அலட்சியத்தின் விலை பெரிது. அண்ணத்திலும், கடைவாய்ப் பல்லின் பின்புறத்திலும் தோன்றும் நீலநிறக் குமிழி சளிக்கட்டியைப் போலவே தோன்றினும், உமிழ்நீர்ச் சுரப்பியின் மியூகோஎபிடெர்மாய்டு புற்றாக இருக்கக்கூடும். அதுவும் சளி சுரக்கும். அதுவும் மெதுவாக வளரும். மேலுதட்டில் கடினமாக எழும் வீக்கம் சளிக்கட்டியாக இருப்பதைவிடச் சுரப்பிப் புத்துருவாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. கண் கொண்டு இவற்றைப் பிரிக்க இயலாது. அல் ஸஹ்ராவியின் நிறமும் கடினமும் இங்கு ஏமாற்றும். ஆகவே அறுத்தெடுத்த திசு எவ்வளவு சிறியதாயினும் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.

கடலோர உழைப்பாளர்களிடையே வெற்றிலை, புகையிலைப் பழக்கம் அரிதன்று. இவ்விரண்டும் சளிக்கட்டியைத் தோற்றுவிப்பதில்லை. அதன் காரணம் உதட்டைக் கடித்தல், பல் உரசல் போன்ற உறுத்தலே. வலை பின்னும்போதும் பழுதுபார்க்கும்போதும் நூலைப் பல்லால் பற்றி அறுப்பவருக்கு அத்தகைய உறுத்தல் நேரிடலாம். ஆனால் புகையிலை அடக்கும் வாயில் ஒரே காலத்தில் தீங்கற்ற குமிழியும், ஆறாத வெண்படலமும் இருக்கக்கூடும். குமிழியைக் காட்ட வந்தவரின் வாய் முழுவதையும் பார்க்கும் மருத்துவர் இரண்டாவதைக் காண்பார். ஊசியால் குத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலும், அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இலும் தொடங்கின. பாஸ்கரின் சோதனைக்குச் சற்று முந்திய ஆண்டுகள் அவை. பழவேற்காட்டிலிருந்து அறுபது கி.மீ. எல்லைக்குள் திசு ஆய்வு கிடைக்கத் தொடங்கி எழுபது ஆண்டுகளாகின்றன. தூரத்தைவிடத் தடையாக நிற்பது காலம். அறுவைக்கு ஒரு நாள், திசு முடிவு பெற ஒரு நாள், தையல் பார்க்க ஒரு நாள் என மூன்று முறை செல்ல வேண்டியவருக்கு மூன்று பாடு நாள்கள் போகலாம். அறுவையோ மிகச் சிறியது. மரப்பூசி இட்டு, குமிழியோடு அதற்கு ஊட்டும் சிறு சுரப்பிகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. சுரப்பியை விட்டுக் குமிழியை மட்டும் கீறினால் திரும்பும். வாக்படரும் பாரேயும் நெருப்பை நாடியதன் காரணம் இப்போது விளங்குகிறது: சூடு, தாம் அறியாமலேயே, அடியிலிருந்த சுரப்பியையும் ஓரளவு அழித்தது.

சொல்லாக்கத்தைப் பற்றி ஒரு முன்மொழிவு. எபிதீலிய உள்வரி இல்லாத வகையைச் ‘சளிக்கசிவு வீக்கம்’ என்றும், உள்வரி உள்ளதைச் ‘சளித்தேக்கப் பை’ என்றும் வழங்கலாம். ‘சளிக்கட்டி’ என்பதை இரண்டுக்கும் பொதுவான நோய்க்குறிப் பெயராக, திசு ஆய்வு முடியும் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டோடு தொடர்புடைய அகராதிக்காரர் ஒருவரும் உண்டு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது ஜெர்மானிய மதபோதகர் யோகான் பிலிப் ஃபப்ரிசியஸ் அடைக்கலம் புகுந்தது இவ்வூரில்தான். 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ் – ஆங்கில அகராதி அவருடையது. ஏரிக்கரை ஊர்களின் உடல்நோய்ச் சொற்கள், குறிப்பாக வாய், நா, உதடு சார்ந்தவை, ஊர் ஊராகத் தொகுக்கப்பட வேண்டும். குமிழி, கொப்புளம், பரு, வீக்கம், கட்டி என்னும் ஐந்தும் அவ்வூர்களில் எதை எதைக் குறிக்கின்றன, எதற்கு மருத்துவரிடம் செல்வர், எதற்குச் செல்லார் என்பதை அத்தொகுப்பு சொல்லின் அருகிலேயே குறித்துவைக்க வேண்டும்.